காலைப் பார்ப்பது எந்த டிபார்ட்மென்ட்? வடசென்னை அரசு மருத்துவமனைகளில் பாதச் சிகிச்சை

வடசென்னையில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குவது இன்றைக்குப் பெரிய வேலையில்லை. நடந்து போகும் தூரத்தில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு பலருக்கு மாத்திரை வீடு தேடியே வந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனைக்கும் இன்சுலினுக்கும் காசு கேட்பதில்லை. ஆனால் அதே ஆளுக்கு உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சுகர் ஓ.பி. என்பார், இன்னொருவர் சர்ஜரி என்பார், மூன்றாமவர் தோல் டாக்டரைக் கை காட்டுவார். மூன்று இடத்துக்கும் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் ஆயின்ட்மென்ட் வாங்கித் தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம்.

இதை மக்களின் அறியாமை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. நம் அரசு மருத்துவமனைகளின் அமைப்பே பாதத்தைக் கூறு போட்டுத்தான் வைத்திருக்கிறது. சர்க்கரையின் அளவை நீரிழிவுத் துறை பார்க்கும். புண்ணை அறுத்துச் சுத்தம் செய்வது பொது அறுவை சிகிச்சைத் துறை. ரத்த ஓட்டம் அடைபட்டிருந்தால் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைத் துறை, எலும்பு சிதைந்திருந்தால் எலும்பு முறிவுத் துறை, சதை போன இடத்தை மூட பிளாஸ்டிக் சர்ஜரி. சேற்றுப்புண்ணுக்குத் தோல் நோய்ப் பிரிவு. விரலோ காலோ எடுத்த பிறகு உடலியக்க மறுவாழ்வுத் துறை. ஒவ்வொன்றிலும் கைதேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாதத்தை முழுசாகத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும் துறைதான் இல்லை.

பிரிட்டன் போன்ற நாடுகளில் அந்த வேலையைச் செய்பவர் பொடியாட்ரிஸ்ட். பாதத்தை மட்டுமே படித்து, சட்டப்படி பதிவு பெற்றவர். நகம் வெட்டுவது, காய்ப்பைச் சீவுவது, நரம்பையும் நாடியையும் சோதிப்பது, புண்ணுக்குக் கட்டு, செருப்புக்கு அளவு என்று கணுக்காலுக்குக் கீழே உள்ள எல்லாம் அவர் பொறுப்பு. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புதிதாகப் புண்ணோ வீக்கமோ தெரிந்தால், ஒரு வேலை நாளுக்குள் பாதப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அந்நாட்டு அரசின் சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது. நம் நாட்டில் 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பொடியாட்ரிஸ்ட் என்ற பெயர் இடம்பெற்றிருக்கிறது. பெயர் வந்துவிட்டதே தவிர, அரசு ஓ.பி.யில் அந்தப் பலகையைத் தேடினால் சாதாரணமாகக் கண்ணில் படாது. இங்கே அந்த வேலையைப் பயிற்சி பெற்ற செவிலியரும், நீரிழிவு மருத்துவரும், டிரெஸ்ஸிங் அறைப் பணியாளரும் பங்கு போட்டுச் செய்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சர்க்கரை நோய் மருத்துவத்தில் இந்தியாவுக்கே முன்னோடியான பகுதி வடசென்னை. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-லேயே நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954-ல் அவர் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே தனியார் மருத்துவமனையும் ஆரம்பித்தார். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் அதே ஸ்டான்லிக்குக் கை அறுவை சிகிச்சையில் நாடு தழுவிய பெயர் உண்டு. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்த பிரிவு அது. மெஷினில் விரல் சிக்கினால் நேராக ஸ்டான்லிக்கு ஓடு என்று மணலியிலும் அம்பத்தூரிலும் தொழிலாளிக்குத் தெரியும். கைக்கு அப்படி ஊரறிந்த முகவரி ஒன்று இருக்கிறது. காலுக்கு அப்படி இன்னும் அமையவில்லை.

தேவை எவ்வளவு என்பதில் சந்தேகம் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் எப்போதாவது பாதப் புண்ணைச் சந்திக்கிறார்கள் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டவர்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், நூற்றுக்கு 85 பேருக்கு அது முதலில் ஒரு சாதாரணப் புண்ணாகத்தான் இருந்திருக்கிறது.

அந்தப் புண் ஏன் வருகிறது, வந்தது ஏன் ஆறுவதில்லை? 'சுகர் இருந்தா புண் ஆறாது' என்று எல்லோரும் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். பல ஆண்டுகள் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் முதலில் அடிபடுவது காலின் நீண்ட நரம்புகள். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மதமதப்பு என்று ஆரம்பித்து, கடைசியில் வலியே தெரியாமல் போய்விடும். எரிச்சல் இருந்தவரை டாக்டரிடம் புலம்பியவர், அது நின்றதும் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார். உண்மையில் அப்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அதே நரம்புக் கோளாறால் பாதத்தில் வியர்வை நின்று, தோல் காய்ந்து வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து, விரல்கள் பறவையின் நகம் போல மடங்கும். அப்போது உடம்பின் பாரம் முன்பாதத்தில் ஒரே இடத்தில் விழ ஆரம்பிக்கும். அந்த இடத்தில் காய்ப்பு ஏறும். காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கி, ரத்தம் கட்டி, உள்ளுக்குள்ளேயே குழிப்புண் உண்டாகும்.

வலிக்கிற காலை யாரும் ஊன்ற மாட்டோம், நொண்டியாவது நடப்போம். வலிக்காத புண்ணோடு நாளெல்லாம் நடக்கலாம், மூட்டை தூக்கலாம். இப்படி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை மிதிபடுகிற புண் எப்படி ஆறும்? ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிற பாதத்தில்கூடப் புண் மாதக்கணக்கில் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த மிதிதான் காரணம். விலை உயர்ந்த களிம்பு எது என்று கேட்பவர்கள் நிறைய. காலை ஊன்றாமல் எத்தனை நாள் இருக்க முடியும் என்று கேட்பவர்கள் குறைவு. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதோடு ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் சரியாகிறது என்றால் அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. காலுக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்பதற்கு அது அடையாளம்.

இந்த உடற்கூறோடு ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காசிமேட்டில் விடியற்காலையிலிருந்து ஐஸ் தண்ணீரிலும் மீன் கழுவிய தண்ணீரிலும் நிற்கிற பாதம் ஊறி ஊறி விரலிடுக்கில் சேற்றுப்புண் வைக்கும். மீன் முள் ஏறினால் மரத்துப்போன காலுக்கு அது தெரியாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரியான இடங்களில் பெருமழை வந்தால் சாக்கடை கலந்த தண்ணீரில் நடக்காமல் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. தரையில் படுக்கும் வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. உணர்ச்சியில்லாத கால்விரலை ராத்திரியில் எலி கடித்துவிட்டுப் போயிருக்கும். காலையில் பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். கேட்க நம்பமுடியாததாக இருந்தாலும் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம் இது. ஆடி மாதத்துத் தீமிதி, உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்தரை, மாலை போட்ட நாட்களின் வெறுங்கால் நடை என்று பக்தி சார்ந்த ஆபத்துகள் தனி. சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கால் மரத்தவர்கள் காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ போகலாம், பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்கலாம்.

சரி, பாதப் பரிசோதனை என்றால் என்ன செய்வார்கள்? பலர் அதைப் பெரிய ஸ்கேன் மாதிரி கற்பனை செய்துகொள்கிறார்கள். முறையாகச் செய்தாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற வேலை.

"செருப்பக் கழட்டிட்டு ரெண்டு காலையும் மேல வைங்கண்ணா" என்று சிஸ்டர் சொல்வார். "கால்ல ஒண்ணியும் இல்ல சிஸ்டர், சுகர் மாத்திரைக்குதான் வந்தேன்" என்பது வழக்கமான பதில். முதலில் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார். நாம் வீட்டில் பார்க்கவே பார்க்காத இடம் அது. வெள்ளையாக ஊறியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருக்கிறதா என்று கவனிப்பார். புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

அப்புறம் ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழை. மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி இருக்கும். 10 கிராம் அழுத்தம் கொடுத்தால் வளையும்படி செய்யப்பட்டது. முதலில் கையில் தொட்டுக் காட்டி எப்படி இருக்கும் என்று தெரியப்படுத்திவிட்டு, கண்ணை மூடச் சொல்வார்கள். கட்டைவிரல் நுனி, கட்டைவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு ஆகிய இடங்களில் இழையை வைத்து, வளையும் வரை அழுத்தி எடுப்பார்கள். 'தெரியுதா, எந்தக் கால்?' என்பதுதான் கேள்வி. நடுவில் சில முறை தொடாமலேயே 'தெரியுதா' என்று கேட்பதும் உண்டு. சும்மா தலையாட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான். காய்ப்பு ஏறிய இடத்தில் இழையை வைக்கக் கூடாது, அங்கே உணர்வு சரியாக இருப்பவருக்கும் தெரியாமல் போகலாம். 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் சோதிப்பார்கள். சில இடங்களில் இதற்கு பயோதீசியோமீட்டர் என்ற கருவி இருக்கிறது.

ரத்த ஓட்டத்துக்குப் பாதத்தின் மேற்புறமும் கணுக்காலின் உட்புறமும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் கையிலும் கணுக்காலிலும் பி.பி. எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, எண் 1.3-க்கு மேல் போய்விடும். அதைப் பார்த்து நல்ல ஓட்டம் என்று ஏமாறக் கூடாது.

இவ்வளவும் முடிந்தால் பாதத்துக்கு ஒரு தரம் கிடைத்துவிடும். உணர்வும் ஓட்டமும் சரியாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். உணர்வு மட்டும் போயிருந்தாலோ ஓட்டம் மட்டும் குறைந்திருந்தாலோ ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அந்த இரண்டும் சேர்ந்திருந்தால், அல்லது அதில் ஒன்றோடு பாதத்தின் வடிவமும் மாறியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கும் விரல் எடுக்கப்பட்டவருக்கும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் கணக்கு இது. இதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம், நிபுணர்கூட வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு இழை, நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்ல ஒரு ஆள் போதும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அந்தப் பத்து நிமிடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது என்பது என் கணிப்பு. ரத்தச் சர்க்கரை எண் சீட்டில் எழுதியிருக்கும், அதைப் பார்க்க நோயாளி உட்காரக்கூட வேண்டியதில்லை. பாதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது குனிய வேண்டும்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் தமிழக அரசு 2024-ல் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தை அறிவித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதித்து, ஆபத்தில் இருப்பவரை அடையாளம் கண்டு, பெரிய மருத்துவமனைகளின் பாதச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி, கால் எடுக்க வேண்டிய நிலையைக் குறைப்பது அதன் நோக்கம். திசை சரியானது. வடசென்னையில் இது ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் ஒரு நடைமுறைச் சிக்கலைத் தாண்டியாக வேண்டும். இங்கே அரசு மருத்துவம் என்பது ஒரே நிர்வாகம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையும் மாநகராட்சியுடையவை. ஸ்டான்லியும் தண்டையார்பேட்டை புறநகர் மருத்துவமனையும், 2025-ல் பெரிதாக்கித் திறக்கப்பட்ட பெரியார் நகர் மருத்துவமனையும் மாநில அரசுடையவை. அயனாவரத்தில் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ., பெரம்பூரில் ரயில்வேக்காரர்களுக்குத் தனி மருத்துவமனை, துறைமுகத்துக்கும் ஒன்று. கொருக்குப்பேட்டையில் ஒரே வீட்டில் அப்பா ரயில்வே ஆஸ்பத்திரிக்கும், மகன் இ.எஸ்.ஐ.க்கும், அம்மா ஸ்டான்லிக்கும் போகலாம். ஓரிடத்தில் எழுதிய பாதத்தின் கதை அடுத்த இடத்துக்குத் தானாகப் போய்விடாது. நோயாளியின் கையிலிருக்கும் நோட்டுதான் அதைச் சுமக்க வேண்டும். ஆகவே பாதம் பார்த்த ஒவ்வொரு முறையும் அதில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. கூடவே செல்போனில் வாரம் ஒரு முறை அதே கோணத்தில் புண்ணைப் படமெடுத்து வைப்பதும் நல்லது. புண் சுருங்குகிறதா விரிகிறதா என்பதைப் புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எந்தப் பிரச்சினைக்கு எங்கே போவது? காய்ப்பு, வெடிப்பு, சேற்றுப்புண், நகச்சுத்தி, வழக்கமான சோதனை இதெல்லாம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டரை மட்டும் சர்க்கரை நோயாளி தொடவே கூடாது. அதிலிருப்பது தோலைக் கரைக்கிற சாலிசிலிக் அமிலம். ஆணியோடு நிற்காமல் பக்கத்துச் சதையையும் கரைக்கும், மரத்த காலுக்கு அது உறைக்காது. பிளேடால் தானே சீவுவதும், வெந்நீரில் காலை ஊறப்போடுவதும் அதே ரகம். காய்ப்பைச் சீவத் தெரிந்தவர் கையில் கொடுக்கும்போது, மேல் தோல் போனதும் அடியில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தென்படலாம். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, புண் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் பிடித்தால் வெறும் டிரெஸ்ஸிங்கோடும் செருப்பு மாற்றத்தோடும் முடிந்துவிடும்.

புண் ஏற்கெனவே திறந்துவிட்டது என்றால் நீரிழிவுத் துறையும் அறுவை சிகிச்சையும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போவதே நல்லது. முதல் சில வாரம் அங்கே சுத்தம் செய்து மருந்தை முடிவு செய்த பிறகு, நாள்விட்டு நாள் கட்டு மாற்றுவதற்கு எண்ணூரிலிருந்தோ மாதவரத்திலிருந்தோ ஸ்டான்லிக்கு வந்துகொண்டிருக்க வேண்டுமா என்று கேளுங்கள். என்ன மருந்து, எப்படிக் கட்டுவது என்று எழுதி வாங்கிக்கொண்டால் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்திலேயே கட்டு மாற்றிக்கொள்ள வழியிருக்கும். 2021-லிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, வண்ணாரப்பேட்டையில் இறங்கி வரலாம்தான். ஆனால் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லப்பட்டவருக்கு ஒவ்வொரு பயணமும் புண்ணின் மேல் ஒரு மிதி.

அவசரம் எது என்பதில் தயக்கம் வேண்டாம். பாதத்தில் சிவப்பு மேலேறிக்கொண்டே போவது, சீழ் நாற்றம், விரல் கறுப்பது, புண்ணோடு குளிர் காய்ச்சல், சர்க்கரை திடீரென்று எகிறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், கேஷுவாலிட்டிக்குப் போய்விட வேண்டும். பாதத்துக்குள் சீழ் தசைநார்களின் வழியே சில மணி நேரத்திலேயே மேலேறிவிடும். வெள்ளிக்கிழமை மாலை தெரிந்ததைத் திங்கள் ஓ.பி.க்குத் தள்ளிப் போட்டதில் விரல் போக வேண்டிய இடத்தில் கால் போயிருக்கிறது.

வலியில்லாமல், புண்ணுமில்லாமல், ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அது வேறு ஆபத்து. சார்க்கோ பாதம் என்பார்கள். உணர்வில்லாத பாதத்தில் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவினால் நிலைமை மோசமாகும். கிருமித் தொற்று என்று நினைத்து வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு. உடனே மாவுக்கட்டுப் போட்டுக் காலை ஊன்றவிடாமல் வைத்தால் பாதத்தின் வளைவு தப்பும். இல்லாவிட்டால் உள்ளங்கால் படகின் அடி போலப் புடைத்து, அந்தப் புடைப்பில் அடுத்த புண் வரும்.

பாரத்தை இறக்குவதுதான் மருந்து என்ற அறிவு நமக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். அவர்கள் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கிறது, காப்பாற்றினால் ஆறும் என்பதே அது. பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டும், மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பும் தமிழ்நாட்டுத் தொழுநோய் மருத்துவமனைகளில் பழகிப்போன விஷயங்கள். 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அதே முறைகள் சர்க்கரை நோயாளிகளுக்கும் கைகொடுத்தன. இன்று உலகம் முழுக்க உள்ளங்கால் புண்ணுக்கு முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது கழற்ற முடியாத கட்டுதான். வேலூரிலிருந்து இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற நம் மருத்துவமனைகளில் அதைப் போடுவதைவிட ஆன்டிபயாடிக் எழுதுவது அதிகம் என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

காரணம் மருத்துவர்களின் அலட்சியம் என்று மட்டும் சொல்ல முடியாது. கட்டுப் போட நேரமும் பழகிய கையும் வேண்டும், வாரத்துக்கொரு முறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். ரத்த ஓட்டம் மிகக் குறைந்த காலுக்கும், சீழ் பிடித்த புண்ணுக்கும் அப்படியே போட்டுவிட முடியாது. நோயாளியின் பக்கம் இன்னும் பெரிய தடை இருக்கிறது. காசிமேட்டில் கூடை தூக்குகிறவரையோ, மண்ணடி குடோனில் மூட்டை இறக்குகிறவரையோ, நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரையோ ஆறு முதல் எட்டு வாரம் காலை ஊன்றாதே என்று சொல்வது, இரண்டு மாதம் சம்பாதிக்காதே என்று சொல்வதுதான். சிகிச்சை இலவசம், கூலியை யார் தருவார்கள்? முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் பெரிய அறுவை சிகிச்சைக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமிருக்கிறது. காலை எடுக்க வேண்டிய நிலையைத் தடுக்கும் ஓய்வுக்கு ஒரு ரூபாய் இடமில்லை. பாதத் திட்டத்தை வகுப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

செருப்பு விஷயத்தில் நோயாளியே செய்யக்கூடியது நிறைய. விரலில் மாட்டும் ஹவாய் செருப்பு மரத்த காலுக்கு ஆகாது. வார் விரலிடுக்கை அறுக்கும், கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்பக்க வார் உள்ள, முன்பக்கம் அகலமான, மெத்தையான செருப்பாக இருக்க வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது கொஞ்சம் பெருத்திருக்கும். உணர்வில்லாதவர்கள் போட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்வதை நம்ப முடியாது. வீட்டில் ஒரு காகிதத்தின் மேல் நின்று பாதத்தை வரைந்து வெட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்தக் காகிதத்தைச் செருப்புக்குள் வைத்தால் ஓரம் மடங்கக் கூடாது. மடங்கினால் அந்த இடத்தில்தான் நாளைக்குக் கொப்புளம் வரும். போடும் முன் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பதும் முக்கியம். கல், ஆணி, குழந்தை போட்ட பொம்மைத் துண்டு என்று உள்ளே எதுவும் கிடக்கலாம்.

எல்லா மதமதப்பும் சர்க்கரையால் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் நரம்பைப் பாதிக்கும். கேட்டால் சோதித்துச் சரிசெய்துகொள்ளக்கூடியது. காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியிலேயே சுள்ளென்று குத்தும் குதிகால் வலி, குழந்தைகளின் வளைபாதம் எல்லாமும் பாதச் சிகிச்சைக்குள் வருபவைதான். வளைபாதத்துக்குப் பிறந்த சில வாரங்களிலேயே வாராவாரம் கட்டுப் போட்டு நிமிர்த்தும் பொன்செட்டி முறை இருக்கிறது. அரசு எலும்பு முறிவுத் துறைகளில் கேட்கலாம்.

கால் எடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ரத்த ஓட்டத்தைச் சோதித்தார்களா? பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்து ஓட்டத்தைக் கூட்டினால், வெட்டும் இடத்தைக் கீழே இறக்க முடியுமா? முழங்கால் மூட்டு மிஞ்சினால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ சுலபம். மூட்டுக்கு மேலே போனால் வயதானவர்களில் பலர் அதன்பிறகு வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. சீழ் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தான நேரத்தில் இந்தக் கேள்விகளுக்கு அவகாசம் இருக்காது என்பதும் உண்மை. செயற்கைக் கால் விஷயத்தில் அரசுத் தரப்பில் பேர்பெற்ற இடம் கே.கே. நகரில் இருக்கும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம். திருவொற்றியூரில் இருப்பவருக்கு அது நகரத்தின் மறுகோடி. அளவெடுக்க, மாட்டிப் பார்க்க, சரிசெய்ய என்று ஒற்றைக் காலோடு பல தடவை போய்வர வேண்டியிருக்கும். துணைக்கு வருகிறவரின் கூலியும் அந்தக் கணக்கில் சேரும்.

புண் ஆறிவிட்டது என்றாலும் வழக்கு முடிவதில்லை. ஆறிய பாதத்தில் நூற்றில் நாற்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண் வருகிறது. மரத்த நரம்பும் மடங்கிய விரலும் அப்படியேதான் இருக்கின்றன, தோல் மட்டும்தான் மூடியிருக்கிறது. இதனால்தான் அவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொரு முறை பரிசோதனை என்ற கணக்கு. அந்தத் தேதியை மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகிற நாளோடு சேர்த்து வைத்துத் தரச் சொல்லிக் கேட்டால், தனியாக ஒரு நாள் கூலி போகாது. வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள், கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' சகோதரியிடம் காலையும் ஒரு தடவை காட்டிவிடலாம்.